கெலிஓயாவில் கை நனைத்தது

அம்பிட்டிய, கண்டி.
14.09.2025, ஞாயிறு

அன்பு மகள் லோஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். மலைக்காற்றும் மழையும் மாறி மாறி அடித்தாலும் நானும் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், மெல்பேர்னில் குளிர் இன்னும் விடவில்லையாமே, தடிமன் காய்ச்சல் அண்டாமல் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் இன்று காலையும் சொல்லிவிட்டு வந்தேன். என் கையெழுத்தைக் கண்டதும் உனக்கு நெஞ்சு பக்கென்று இருக்கும். பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பங்குனி மாதம் உன் போனை நான் பட்டென்று வைத்த பிறகு ஆறு மாதமாக உன்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நீ அம்மாவோடு கதைக்கும்போது நான் பக்கத்து அறையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு இருப்பேன், ஒரு வரியும் படிக்க மாட்டேன், காது முழுக்க உங்கள் கதையில்தான். இப்போது எடுத்துக் கதைக்கலாம்தானே என்று அம்மா கேட்கிறார். கதைக்கலாம், ஆனால் வாய் திறந்தால் ஒன்று நான் கத்துவேன் இல்லாவிட்டால் அழுவேன், இரண்டும் நீ கண்டதுதான். அதனால் எழுதுகிறேன். பக்கங்களை அம்மா படம் பிடித்து அனுப்புவார், எழுத்துச் சிறிதாக இருந்தால் பெருப்பித்துப் பார்.

வந்து இன்றோடு இருபத்தேழு நாள். கண் ஒப்பரேசனை யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம் என்று நான் சொல்ல, இல்லை கண்டியில்தான் செய்வேன், அங்கே ஒரு கெட்டிக்கார டொக்டர் இருக்கிறார் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றது உனக்குத் தெரியும். இடது கண் முதலில், மூன்று கிழமை கழித்து வலது கண். இடையில் ஊருக்குப் போய்த் திரும்புவது வீண் அலைச்சல் என்று அம்பிட்டியவில் திரேசா அக்கா என்கிற ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவரின் வீட்டில் இரண்டு அறை எடுத்தோம். முன்னால் நின்று பார்த்தால் வீடு ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் மூன்று மாடி. முப்பத்து நாலு வருடம் நில அளவையாளராக இருந்த எனக்கே இந்த ஊரைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. நேர்கோடு என்று ஒன்று கிடையாது, எந்த வீதியில் இறங்கினாலும் கடைசியில் வாவிக்கரையில் கொண்டுவந்து விடுகிறது. ஒப்பரேசனுக்கு முன் மூன்று நாள் கையில் இருந்தபடியால் இருவரும் ஊர் சுற்றினோம். வாவியை முழுச்சுற்று நடந்து எண்ணிப் பார்த்தேன், என் காலடிக்கு நாலாயிரத்து இருநூறும் சொச்சமும். அம்மா பாதியில் ஒரு பெஞ்சில் இருந்துகொண்டு, நீங்கள் எண்ணிக்கொண்டு வாங்கோ நான் இங்கேயே நிற்கிறேன் என்றுவிட்டார், திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்ணோடு கையாலும் கண்ணாலும் கதைத்து அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர் வரைக்கும் எடுத்துவிட்டார். தலதா மாளிகையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமரைப் பூ வாங்கிக்கொண்டு நல்லூரில் நிற்கிறதுபோல் கண்ணை மூடி நின்றார், என்ன கேட்டீர் என்றால் சொல்ல மாட்டேன் என்றார். பஹிரவகந்தைப் பெரிய புத்தர் சிலைக்கு நான் தனியாக ஏறினேன். மேலே நின்று பார்க்க முழு ஊரும் ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. இறங்கும்போது முழங்கால் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் உனக்குக் கோபம் வரும். காலையில் வாவிக்கரையில் கொல கெந்த என்று பச்சை இலைக்கஞ்சி விற்கிறார்கள், கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டி, கருப்பட்டியை மட்டும் தான் வைத்துக்கொண்டார். பெரிய வீதியில் உள்ள ஒரு பேக்கரியில் மீன் பணிஸ் அடுப்பிலிருந்து வருகிற நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நானும் வரிசையில் நின்றேன். முஸ்லிம் கடை ஒன்றில் வட்டலப்பம் சாப்பிட்டோம், ஏலக்காய் மணத்தோடு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது, சீனி வருத்தம் இருக்கிறதை இருவருமே ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்தவில்லை. இதெல்லாம் முதல் கிழமைக் கதை. இனிச் சொல்லப்போவதுதான் நான் பேனை எடுத்த காரியம்.

பங்குனியில் நீ கட்ட விரும்புகிற டிலக்சனைப் பற்றிச் சொன்ன அன்று, அந்தப் பிள்ளை மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதியில் வேலை, தகப்பன் இல்லை, தாய் கெலிஓயாவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார், பூர்வீகம் புசல்லாவைப் பக்கத் தோட்டம் என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திராது. எச்சில் கோப்பை எடுக்கிற வீட்டுக்கோ என்ரை பிள்ளை போறது என்று கேட்டேன். நீ அழுதாய், நான் வைத்துவிட்டேன். ஆனால் கண்டிக்கு வந்து அம்மா கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருக்க, எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கெலிஓயா இங்கிருந்து ஒரு மணித்தியாலப் பயணம் என்று வரைபடத்தில் பார்த்தேன். நேரே போய் விசாரித்து, ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு வந்து, பார் மகளே அப்பா சொன்னது சரிதானே என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் திட்டம். மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், சம்பந்தம் பார்க்கப் போகிற வீட்டில் முடிவு சொல்லும் வரைக்கும் கை நனைக்கக் கூடாது, தண்ணீர் தந்தாலும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்ப வேண்டும், ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். உன் சின்ன மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியப்பா ஒரு வாழைப்பழத்தை மறதியில் உரித்துவிட்டு வாயில் வைக்காமல் ஒரு மணித்தியாலம் கையில் வைத்துக்கொண்டு இருந்தவர். ஆனால் கடை வீடு இல்லைத்தானே, கடைக்கு ஆரும் போகலாம் ஆரும் சாப்பிடலாம், என்னை அங்கே ஆருக்குத் தெரியப்போகிறது என்று என் மூளை சொன்னது.

அம்மாவின் கண்ணுக்குக் காலை ஆறுக்கும் பத்துக்கும், பிறகு இரண்டுக்கும் ஆறுக்கும் துளி விட வேண்டும். பத்து மணித் துளியை விட்டதும், பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்டியில் கம்பளை பஸ் ஏறினேன். கெலிஓயாச் சந்தியில் இறங்கினால் கடை எதிரேதான், ஆறு மேசை, நீலப் பெயின்ற், சுவரில் முருகன் படம், காசு மேசைக்குப் பின்னால் நரைத்த கொண்டை போட்ட மெலிந்த அம்மா ஒருவர். அவர்தான் டிலக்சனின் தாய், கஜலட்சுமி அம்மா. சோறும் சாம்பாரும் பருப்பும் கேட்டேன். ஒரு வாய் வைத்ததும் காதாலும் மூக்காலும் புகை வந்தது, அப்படி ஓர் உறைப்பு. குறை கையில் கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் கண்ணீரோடு கூப்பிட்டு, இது சாம்பாரோ இல்லாட்டி மிளகாய்க் கரைசலோ என்று கேட்டேன். அவர் அசையவில்லை. "சேர், இன்னிக்கு ஒறப்பு கூடிருச்சு. நாளைக்கு வந்து பாருங்க, நல்லா இல்லன்னா சந்தி முழுக்கச் சொல்லுங்க" என்றார். என்னிடம் சவால் விட்டால் நான் விடுவேனா, அடுத்த நாளும் போனேன். அன்றைய சாம்பாரை நினைக்க இப்போதும் வாய் ஊறுகிறது. முருங்கைக்காயும் பூசணியும் கரையாமல் நிற்கிறது, பெருங்காயம் அளவாக, பக்கத்தில் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், மொறுமொறுவென்று உளுந்து வடை. குறை பிடிக்கப் போனவன் மூன்று தரம் சோறு கேட்டேன்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் பேராதனைப் பூங்காதான். பதினொன்றரைக்குக் கெலிஓயாவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணித் துளிக்கு ஓடிவந்தால், இங்கே அம்மா திரேசா அக்காவைக் கொண்டு சமைப்பித்து எனக்காகக் காத்துக்கொண்டு இருப்பார், இரண்டாம் தரமும் சாப்பிட வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். நடந்த களைப்புக்கு நல்லாச் சாப்பிடுங்கோ என்று அம்மா மூன்றாவது அகப்பையும் போடுவார். இன்றைக்குப் பூங்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார், பெரிய மரம் ஒன்று என்பேன். நேற்றும் அதைத்தானே பார்த்தீர்கள் என்பார், அது நல்ல பெரிய மரம் என்பேன். என் காற்சட்டை இடுப்பில் இப்போது ஒரு பொத்தான் பூட்டுவதில்லை.

விசாரணையும் நடத்தினேன். பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற ஹாஷிம் என்பவரிடம் போய், காணி ஒன்று தேடுகிறேன், அயல் எப்படி என்று பொதுவாகத் தொடங்கி மெல்ல அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன். அவர் பிடித்துக்கொண்டார். "நல்ல மனிசி சேர். புருசன் லொறி ஓட்டினவரு, மவுத்தாகக்குள்ள மகன் பத்தாம் வகுப்பு. ஒரு நாள் கடைய மூடல்ல. சமையல் கேஸ் இல்லாத வருசம் இந்தச் சந்தியில எல்லாக் கடையும் பூட்டு, அவங்க மட்டும் வெறகு வெச்சு ஆக்கினாங்க, எங்கட வீட்டுக்கும் அங்க இருந்துதான் சோறு. வாய் மட்டும் கொஞ்சம் காரம்" என்றார். நான் வேலைத்தளத்தில் எல்லைக்கல் நட்டதுபோல் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். என்னைப்போல் இரகசியமாக விசாரிக்க ஒருவனாலும் முடியாது என்று பஸ்ஸில் வரும்போது பெருமையும் பட்டேன். ஒரு நாள் பிந்திப் போனேன், வடை முடிந்திருந்தது, ஆனால் கஜலட்சுமி அம்மா ஒரு மூடிக்கு அடியில் இரண்டு எடுத்து வைத்திருந்தார். வாடிக்கையாளரை மதிக்கத் தெரிந்தவர் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சரியான மழை. சாப்பிட்டு முடிய வெளியே கால் வைக்க முடியவில்லை, கடையில் நானும் அவரும்தான். நான் சாப்பிட்ட கோப்பையை அவரே எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு, இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்து, எதிர்க் கதிரையை இழுத்து இருந்தார். "மழ இப்ப விடாது லோஜினி அப்பா, இதக் குடிங்க" என்றார். மகளே, தேநீர் மூக்கால் வந்தது. தெரியுமோ என்று கேட்டேன். "நீங்க மொத நாள் வாசல்ல கால வெச்சப்பவே தெரியும். மகன் ஒங்க குடும்பப் போட்டோவ எப்பவோ அனுப்பிட்டான். ஹாஷிம் நானாகிட்ட நீங்க கேட்டது, அரமணித்தியாலத்துல இங்க வந்திருச்சு" என்றார். அப்போ ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். "பாக்க வந்தீங்க. பாக்க வந்தவங்கள பாக்க விடணும்ல" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டு, "எச்சில் கோப்ப எடுக்கிற வீடுன்னு சொன்னீங்களாம். மகன் சொல்லல, அவன் மொகம் சரியில்லன்னு நான்தான் நோண்டிக் கேட்டு வாங்கினேன். ஆமாங்க, எடுக்கிறோம். ஒங்க கோப்பையையும் பத்து நாளா நான்தான் எடுத்தேன். மொத நாளு கோவத்துல ஒங்க சாம்பார்ல ரெண்டு கரண்டி மொளகாத்தூளும் போட்டேன், ராத்திரி அதுக்கு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சிறுத்துப்போய் நான் ஒரு கதிரையில் இருந்ததில்லை.

சமாளிக்கத் தெரியாமல், நான் கை நனைச்சுப்போட்டன் அம்மா, பத்து நாள் நனைச்சுப்போட்டன் என்றேன். அவர் கையை அசைத்து மறுத்தார். "இல்லங்க. அந்த வழக்கம் எங்களுக்கும் இருக்கு. அதனாலதான் ஒவ்வொரு நாளும் ஒங்ககிட்ட காசு வாங்கினேன், ஒரு நாளும் வேணாம்னு சொல்லல. காசு குடுத்துத் தின்னவரு கடைக்கு வந்த ஆளு, வீட்டுக்கு வந்த ஆளு இல்ல. நாளைக்கே நீங்க வேணாம்னு ஊருக்குப் போனாலும் ஒங்க மேல ஒரு சொல்லு வராது. எங்க புள்ளைய எடுத்துக்கங்கன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா மனசார இல்லாத சம்மதமும் எனக்கு வேணாம்" என்றார். மழை விட்டது. அன்றும் காசை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணித் தந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, கஜலட்சுமி அம்மா சாம்பாருக்குக் கொஞ்சம் வெல்லம் போடுகிறவர், நீங்கள் கண்டுபிடித்தீர்களோ என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வெளித்தது. கெட்டிக்கார டொக்டர் எங்கே இல்லை, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், கண்டியில்தான் கண்ணைக் காட்டுவேன் என்று நின்றது எதற்கு என்று. நீங்கள் மூன்று பெண்களும் சேர்ந்து போனில் ஒரு நாடகமே நடத்தியிருக்கிறீர்கள், நான் போகிற வருகிற பஸ் நேரம் எல்லாம் மெல்பேர்ன் வரைக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் முழுக்க நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. கோபம் உங்களில் இல்லை, என்னில்தான். வியாழக்கிழமை அம்மாவின் வலது கண்ணும் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, நீங்கள் இவ்வளவு கிழவனாகிவிட்டீர்களோ என்றார். செவ்வாய்க்குப் பிறகு நாலு நாள் நான் கெலிஓயாப் பக்கம் போகவில்லை. முதல் இரண்டு நாள் வெட்கம், அடுத்த இரண்டு நாளும் என் மனதை நானே அளந்து பார்த்தேன். ஊரில் என்ன சொல்வார்கள், உன் பெரியப்பா என்ன சொல்வார், எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தேன். மற்றப் பக்கம் நீ அழுத சத்தம் மட்டும் இருந்தது. அதோடு, பத்து நாள் என்னை இன்னார் என்று தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் சோறு போட்ட ஒரு மனுசி. இப்படி ஒரு வீட்டை நான் யாழ்ப்பாணத்தில் விளக்குக் கொளுத்தித் தேடினாலும் உனக்குக் கண்டுபிடித்துத் தந்திருக்க மாட்டேன், மகளே. நான் சொன்னது பிழை. பிழை என்று இதைவிடப் பெரிய எழுத்தில் எழுதத் தெரியவில்லை.

இன்று பகல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களைக் கண்டதும் கஜலட்சுமி அம்மா வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், வாழையிலையில் தானே பரிமாறினார். அம்மா இரண்டு கண்ணாலும் இலையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். நான் தலை நிமிரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தோம், அவர் காசு மேசையில் போய் இருந்துவிட்டார், காசு போடுகிற லாச்சி பாதி திறந்திருந்தது. பத்து நாள் பழக்கத்தில் என் கை சேர்ட் பொக்கற்றுக்குப் போனது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கையை வெறுமனே வெளியே எடுத்தேன். இரண்டு கையையும் கூப்பி, போயிட்டு வாறம் சம்பந்தியம்மா என்றேன். அவர் லாச்சியை மெல்லத் தள்ளி மூடினார். பிறகு மூக்கைச் சீறிக்கொண்டு எழும்பி, கடையை அப்படியே விட்டுவிட்டு, எங்களோடு பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்தார்.

புதன்கிழமை ஊருக்கு வெளிக்கிடுகிறோம். துளி மருந்தும் கண்ணாடியும் கவனமாக எடுத்து வைத்தாயிற்று, நீ அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, குளிருக்குக் காதை மூடு. டிலக்சன் தம்பியிடம் நான் நேரே மன்னிப்புக் கேட்க வேண்டும், அது கடிதத்தில் முடிக்கிற காரியம் இல்லை என்று அவருக்குச் சொல். நாளைக்கு உங்கள் நேரம் இரவு எட்டு மணிக்கு எடு, அம்மாவின் போனுக்கு அல்ல, என்னுடையதுக்கு. அவரும் பக்கத்தில் இருக்கட்டும். இந்த முறை நான் வைக்க மாட்டேன். பிள்ளையார் துணையோடு நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமுமாக ஒன்றாய் வாழ எங்கள் இருவரின் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரதும் அப்பா,
க. வரதராசா